லேன் போர்ட் மட்டும் இருக்கு, வைஃபை இல்லையே! – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் வைஃபை ஓடுகிறது. ஆனால் இணைக்க வேண்டிய பெட்டியில் லேன் கேபிள் செருகும் துளை மட்டும்தான் இருக்கிறது. மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் இந்தச் சிக்கலே பல வேஷம் கட்டி வந்திருப்பதால், இந்த இதழின் பதில்கள் முழுக்க அதற்கே.

ஃபைபர் ரூட்டர் கீழ் ஹாலில். மாடி அறையில் மகன் படிக்கிற டெஸ்க்டாப்பில் லேன் போர்ட் மட்டும் இருக்கிறது. பரணில் பழைய ரூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அது உதவுமா, புதிதாக ஏதாவது வாங்கணுமா?
– ஒரு வாசகி, வில்லாபுரம்

கீழ் ஹாலிலிருந்து மாடி அறைக்குக் கேபிள் ஏற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசி குழாய் போகிற துளை, டிஷ் வயர் நுழைகிற ஜன்னல் மூலை, எதுவானாலும் சரி. சாதாரண மாடி வீட்டுக்கு 20 மீட்டர் கேபிள் தாராளம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வழி இருந்தால் கேபிளே போடுங்கள். இனி நாங்கள் சொல்வதெல்லாம் கேபிள் போடவே முடியாத வீட்டுக்கு.

ஒரே ஒரு டெஸ்க்டாப் என்றால் யுஎஸ்பி வைஃபை அடாப்டர்தான் எளிது. 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டையும் பிடிக்கிற டூயல் பேண்ட் அடாப்டராக வாங்குங்கள். அதைச் சிபியு பெட்டியின் பின்பக்கம் செருகிவிட்டுப் போய்விடாதீர்கள். ஒரு பக்கம் இரும்புப் பெட்டி, மறு பக்கம் சுவர், நடுவில் நகமளவு ஆன்டெனா. சிக்னல் எப்படி வரும்? ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள். இன்னொன்று: யுஎஸ்பி 3 போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க் ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கிளம்பும். ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் நெட் தடுமாறினால் காரணம் அதுதான். அடாப்டரை அந்தப் போர்ட்டிலிருந்து தள்ளி வைத்தாலோ 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலோ சரியாகிவிடும்.

பரண் ரூட்டர் உதவுமா என்பதை அதன் மெனுதான் சொல்ல வேண்டும். தொலைபேசி லைனில் ஓடிய பழைய மோடமாக இருந்தாலோ, நெட் கம்பெனிக்காரர் கொடுத்த பெட்டியாக இருந்தாலோ பெரும்பாலும் உதவாது. கடையில் தனியாக வாங்கிய ரூட்டர் என்றால் நம்பிக்கை உண்டு. பின்பக்கத்து ரீசெட் பொத்தானை ஊசியால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். டெஸ்க்டாப்பிலிருந்து ஒரு கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகி, பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடியுங்கள். சரியான எண் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். மெனுவில் ‘ஆபரேஷன் மோட்’ என்ற பக்கத்தைத் தேடுங்கள். ‘கிளையன்ட்’ அல்லது ‘பிரிட்ஜ்’ இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ‘ரிப்பீட்டர்’ அல்லது ‘ரேஞ்ச் எக்ஸ்டெண்டர்’ மட்டும் இருந்தால் அதுவும் ஆகும். பிறகு ‘ஸ்கேன்’ கொடுத்து, பட்டியலில் உங்கள் வீட்டு வைஃபை பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டை அடித்துச் சேமியுங்கள்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். பழைய ரூட்டருக்கும் புது ரூட்டருக்கும் ஒரே ஐபி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள முகவரி எண்) இருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். புதியது 192.168.1.1 என்றால் பழையதை 192.168.1.2 ஆக்குங்கள். பழையதில் டிஎச்சிபி சர்வரை, அதாவது மற்ற கருவிகளுக்கு ஐபி கொடுக்கும் வசதியை நிறுத்துங்கள். வீட்டில் ஐபி பங்கிட்டுக் கொடுக்கும் வேலையை ஒரே பெட்டிதான் பார்க்க வேண்டும். இரண்டு பெட்டி கொடுத்தால் கீழே இருக்கிற போன்கள்கூட நெட் இல்லாமல் நிற்கும். சில மாடல்கள் இந்த இரண்டையும் தாமே செய்துகொள்ளும், சில செய்யாது. வைஃபையுடன் இணையும் முன்பே டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, மெனுவுக்குள் திரும்பப் போக முடியாமல் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். டெஸ்க்டாப்பில் ஐபியைக் கையால் 192.168.1.50 என்று போட்டு 192.168.1.2-ஐத் திறந்தால் கதவு திறக்கும். வேலை முடிந்ததும் மறக்காமல் அதைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

கேபிளைப் பழைய ரூட்டரின் லேன் போர்ட்டில்தான் செருக வேண்டும். வேறு நிறத்தில் தனியாக இருக்கும், வெளி இணைய இணைப்புக்கான வான் போர்ட் பக்கம் போக வேண்டாம்.

பட்டியலில் உங்கள் வைஃபை பெயரே தெரியவில்லையா? பல பழைய ரூட்டர்களுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். கீழே அந்தப் பட்டை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால் கீழே உள்ள ரூட்டரின் பாதுகாப்பு ‘டபிள்யூபிஏ3’ மட்டும் என்று இருக்கலாம். பழைய பெட்டிக்கு அந்தப் பாஷை புரியாது. ‘டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3’ என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். ஒரு நாள் ஓடி மறுநாள் நின்றால் சேனலைப் பாருங்கள். கீழ் ரூட்டரில் சேனல் ‘ஆட்டோ’ என்று இருந்தால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். சில பழைய பெட்டிகள் பின்னாலேயே போகாது. 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதைப் போனை வைத்தே முடிவு செய்யலாம். வைஃபை சிக்னலை எண்ணில் காட்டும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு மாடி அறையில் நடந்து பாருங்கள். மைனஸ் 50 அருமை, மைனஸ் 65 வரை நிம்மதி, மைனஸ் 70 தாண்டினால் வீடியோ வகுப்பு திணறும், மைனஸ் 80 பக்கம் போனால் இணைந்ததுபோல் காட்டும், ஒன்றும் வராது. கான்கிரீட் தளம் சிக்னலை நன்றாகவே விழுங்கும். அதனால் மாடிப்படி வழியாக ரூட்டரைப் ‘பார்க்கிற’ பக்கம், அறை வாசலை ஒட்டி வைத்தால் மேசைக்கு அடியில் வைப்பதைவிடப் பல மடங்கு நல்லது. அங்கிருந்து மேசை வரைக்கும் கேபிளை நீட்டிக்கொள்ளலாமே.

நெட் இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு சிசிடிவி போனில் வருவதில்லை, ‘ஆஃப்லைன்’ என்கிறது. டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) ஒரு சின்ன வைஃபை எக்ஸ்டெண்டரின் லேன் போர்ட்டில் இணைந்திருக்கிறது. கேமரா போட்டவர் வந்து பார்த்துவிட்டு டிவிஆரை மாற்றச் சொல்கிறார்.
– ஒரு வாசகர், கே.கே.நகர்

டிவிஆரை மாற்ற வேண்டாம். டிவியில் அல்லது மானிட்டரில் கேமரா படம் தெரிகிறது அல்லவா? அப்படியானால் பெட்டி நலமாகத்தான் இருக்கிறது.

ரூட்டர் மாறியதில் இரண்டு விஷயம் மாறிவிட்டது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்று. எக்ஸ்டெண்டர் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிட்டால் எக்ஸ்டெண்டர் தானாக ஒட்டிக்கொள்ளும். வீட்டுப் போன்களும் அப்படியே. இணைப்பு மாற்றுகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது ஐபி வரிசை. பழைய ரூட்டர் 192.168.1.1 என்றிருந்து புதியது 192.168.29.1 என்று வந்திருக்கலாம். டிவிஆரில் ஐபியைக் கையால் அடித்து வைத்திருப்பார்கள், அல்லது 192.168.1.108, 192.168.1.64 என்றெல்லாம் கம்பெனியிலிருந்தே வந்திருக்கும். தெரு மாறிவிட்டது, டிவிஆர் இன்னும் பழைய தெருப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது. டிவிஆரில் மவுஸைச் செருகி, மெனுவில் நெட்வொர்க் பக்கம் போய், ‘டிஎச்சிபி’ கட்டத்தில் டிக் போட்டுச் சேமியுங்கள். ஒரு நிமிடத்தில் 192.168.29 என்று தொடங்கும் எண் தானாக வர வேண்டும். வராவிட்டால் கையால் போடுங்கள்: ஐபி 192.168.29.200, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.29.1, டிஎன்எஸ் (இணையப் பெயர்களை எண்ணாக்கித் தரும் சர்வர்) 8.8.8.8. கேட்வேயை மாற்றிவிட்டு டிஎன்எஸ்ஸில் பழைய ரூட்டர் எண்ணை அப்படியே விட்டுவிட்டாலும் ‘ஆஃப்லைன்’தான், அதையும் பாருங்கள்.

போனில் படம் வந்தும் விட்டு விட்டு வந்தால், செயலியில் ‘சப் ஸ்ட்ரீம்’ (தரம் குறைந்த, லேசான படம்) தேர்ந்தெடுங்கள். மெயின் ஸ்ட்ரீம் ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்திருந்தால் நான்கையும் ஒரே திரையில் திறக்கும்போது 8 எம்பிபிஎஸ் மேலே ஏற வேண்டும். எக்ஸ்டெண்டருக்கு வரும் சிக்னல் நொய்ந்திருந்தால் அது தாங்காது. எக்ஸ்டெண்டரை டிவிஆருக்குக் கேபிள் கொடுக்க மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால், அதன் சொந்த வைஃபை ஒளிபரப்பை மெனுவில் அணைத்துவிடுங்கள். ஒரே ரேடியோவில் வாங்கிக்கொண்டும் பரப்பிக்கொண்டும் இருப்பதால்தான் எக்ஸ்டெண்டரில் வேகம் பாதியாகிறது. வாங்கி, கேபிளில் கொடுக்க மட்டும் செய்தால் அந்த இழப்பு இல்லை.

மாசி வீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை. முன்கட்டில் ரூட்டர், பின்கட்டில் லேன் போர்ட் மட்டும் உள்ள பழைய லேசர் பிரிண்டர். இடையில் கனத்த பழைய சுவர். சின்ன ரூட்டர் ஒன்றை வைஃபையில் இணைத்து அதில் பிரிண்டரையும் ஒரு கம்ப்யூட்டரையும் மாட்டியிருக்கிறோம். அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் வருகிறது; முன்கட்டு லேப்டாப்புக்கும் போன்களுக்கும் பிரிண்டரே தெரியவில்லை.
– ஒரு வாசகர், மதுரை

உங்கள் சின்ன ரூட்டர் ‘விஸ்ப்’ என்ற முறையில் இருக்கிறது. அந்த முறையில் அது வைஃபையை வாங்கி, தனக்குப் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க்கை உண்டாக்கும். நம்மூர் காம்பவுண்டு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே குடியிருப்பவர் தெருவுக்குப் போய்வர தடையில்லை. தெருவில் நிற்பவருக்குத் தெரிவது வெளிக் கேட்டு மட்டும்தான், உள்ளே எந்த போர்ஷனில் யார் என்று தெரியாது. பின்கட்டுக் கம்ப்யூட்டருக்கு நெட் வருவதும் முன்கட்டு லேப்டாப்புக்குப் பிரிண்டர் தெரியாததும் இதனால்தான். சோதித்துப் பார்க்க வேண்டுமா? பிரிண்டரின் நெட்வொர்க் விவரத்தைப் பிரிண்ட் எடுங்கள். லேப்டாப் ஐபி 192.168.1 என்று தொடங்கி, பிரிண்டர் 192.168.0 என்று தொடங்கினால் சந்தேகமே இல்லை.

இணையம் பார்க்க மட்டும் என்றால் விஸ்ப் போதும். பிரிண்டர், டிவிஆர் போல மற்ற கருவிகள் தேடி வரவேண்டிய பெட்டிக்கு அது ஆகாது. முறையைக் ‘கிளையன்ட்’ ஆக மாற்றுங்கள். டவுன் ஹால் ரோடு கடைகளில் வாங்கப் போகும்போதும் அட்டைப்பெட்டியில் 300, 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தில் மயங்காமல், கிளையன்ட் முறை உண்டா, லேன் போர்ட் உண்டா என்று பக்கவாட்டில் உள்ள சின்ன எழுத்தைப் படியுங்கள். லேன் போர்ட்டே இல்லாத எக்ஸ்டெண்டர்களும் விற்கின்றன.

கிளையன்டுக்கு மாற்றியதும் உங்களுக்கு இன்னொரு தொல்லை வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வைஃபை விதிப்படி, ரூட்டரில் சேர்ந்த ஒரு கருவி தன் சொந்த மேக் முகவரிக்காக (கருவியோடு வரும் தனி அடையாள எண்) மட்டும்தான் பேச முடியும். பின்னால் இரண்டு பெட்டி இருந்தால், நடுவில் இருப்பது இருவருக்கும் சேர்த்துத் தன் மேக் முகவரியையே காட்டிச் சமாளிக்கும். அதனால் முதன்மை ரூட்டரில் ‘இந்த மேக் முகவரிக்கு இந்த ஐபி’ என்று பிரிண்டருக்கு ஒதுக்கி வைப்பது பலிக்காமல் போகலாம். இன்று ஓர் எண், நாளை ஓர் எண் என்று மாறும், லேப்டாப் பிரிண்டரைத் தொலைத்துவிடும். பிரிண்டரின் சொந்த மெனுவிலேயே 192.168.1.200 என்று நிலையான ஐபி போடுங்கள். முதன்மை ரூட்டரின் டிஎச்சிபி பங்கீடு 192.168.1.150-க்குள் முடிகிற மாதிரி குறைத்துவிடுங்கள், அந்த எண் வேறு யாருக்கும் போகாது. லேப்டாப்பில் பிரிண்டரைத் தேடச் சொல்லாமல், ஐபி எண்ணை அடித்துச் சேருங்கள்.

கடைக்கு வரும் வாடிக்கையாளருக்குக் ‘கெஸ்ட்’ வைஃபை வைத்திருந்தால், சின்ன ரூட்டரை அதில் இணைத்துவிடாதீர்கள். கெஸ்டில் இருப்பவை முதன்மை நெட்வொர்க்கில் இருப்பவற்றைப் பார்க்க முடியாதபடி பூட்டியிருக்கும்.

ஊருக்குள் வீடு, தோப்பு சுமார் 250 மீட்டர் தள்ளி. வீட்டு வைஃபையைக் கொண்டு தோப்பு ஷெட்டில் இருக்கும் டிவிஆரை இணைக்க முடியுமா? 300 மீட்டர் கேபிள் சுருள் வாங்கி இழுத்துவிடலாம் என்கிறார் தம்பி.
– ஒரு வாசகர், அலங்காநல்லூர்

சுருள் முழுவதையும் இழுத்தாலும் நெட் போய்ச் சேராது. 100 மீட்டரோடு லேன் கேபிளின் கணக்கு முடிந்தது. கம்பத்துக்குக் கம்பம் வெட்டவெளியில் தொங்கும் செம்புக் கம்பி, இடி மின்னலை இரண்டு பக்கத்துப் பெட்டிகளுக்கும் வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு வரும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

உங்களுக்கு வேண்டியது ‘அவுட்டோர் சிபிஇ’ என்று கடையில் சொல்லும் வெளிப்புற வைஃபை பெட்டி ஒரு ஜோடி. 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓடுவதாக வாங்குங்கள். இதற்கு உரிமம் எதுவும் வேண்டாம். வீட்டு மொட்டை மாடியில் ஒன்று ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறையில், ஷெட் கூரைக் குழாயில் ஒன்று ‘கிளையன்ட்’ முறையில். இரண்டிலும் ‘டபிள்யூடிஎஸ்’ என்ற தெரிவு இருந்தால் இயக்குங்கள். மேலே ஜெராக்ஸ் கடைக்காரருக்குச் சொன்ன மேக் முகவரித் தொல்லை அதனால் ஒழியும். ஒன்றுக்கு 192.168.1.251, மற்றதற்கு 192.168.1.252. இரண்டையும் மாடியில் ஏற்றுவதற்கு முன் ஒரே மேசையில் வைத்து இணைத்து, டிவிஆர் போனில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஏணியில் நின்றுகொண்டு பாஸ்வேர்டு அடிப்பது ஆகிற வேலையில்லை.

ஒன்றையொன்று கண்ணால் பார்க்க வேண்டும். நடுவில் ஒற்றைக் கோடாக வழி இருந்தால் மட்டும் போதாது. 250 மீட்டர் தூரத்துக்கு 5 ஜிகாஹெர்ட்ஸில் பாதி வழியில் அந்தக் கோட்டைச் சுற்றிலும் சுமார் 2 மீட்டர் வெட்டவெளி வேண்டும். கோடையில் தென்னை மட்டைகளுக்கு இடையில் புகுந்து ஓடுகிற இணைப்பு, ஐப்பசியில் மட்டைகள் நனைந்ததும் படுத்துவிடும். தண்ணீர் ஏறிய இலை இந்த அலைக்குச் சுவர் மாதிரி. ஆகவே குழாயை மரத் தலைக்கு மேலே உயர்த்துங்கள், அல்லது வரப்பு ஓரமாக மரமில்லாத வழியைத் தேடுங்கள்.

பெட்டியோடு வரும் பிஓஇ அடாப்டரில் (லேன் கேபிள் வழியாகவே மின்சாரமும் அனுப்புவது) இரண்டு துளை இருக்கும். ‘பிஓஇ’ என்று எழுதிய துளையிலிருந்து மேலே ஏறும் கேபிள். ‘லேன்’ என்று எழுதியதிலிருந்து ரூட்டருக்கு. மாற்றிச் செருகினால் ரூட்டரின் போர்ட்டுக்குள் மின்சாரம் ஏறிவிடும், போர்ட் கருகக்கூடும். செருகும் முன் இரண்டு தடவை படியுங்கள். மேலே ஏறும் கேபிள் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும். சாதாரணச் சாம்பல் உறை மதுரை வெயிலில் சில வருடத்தில் பொரிந்துவிடும். பெட்டிக்குக் கீழே கேபிளை ‘யு’ வடிவில் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும், துளைக்குள் போகாது. குழாய்க்கு எர்த் கொடுங்கள். இடி இடிக்கும் நாளில் அடாப்டரைச் சுவரிலிருந்தும், கேபிளை ரூட்டரிலிருந்தும், இரண்டையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற வழி திறந்தே இருக்கிறது.

கரண்ட் போய் வந்தால் பின் அறை டிவிக்கு மட்டும் நெட் வருவதில்லை. ஐபி 169.254 என்று ஏதோ காட்டுகிறது. எக்ஸ்டெண்டரைக் கழற்றி மாட்டினால் சரியாகிறது.
– ஒரு வாசகி, திருப்பரங்குன்றம்

169.254 என்றால் ‘ஐபி கேட்டேன், யாரும் தரவில்லை, நானே ஒன்றை வைத்துக்கொண்டேன்’ என்று டிவி சொல்வதாக அர்த்தம். கரண்ட் வந்ததும் டிவி முதலில் விழித்துக்கொள்கிறது, எக்ஸ்டெண்டர் அடுத்து. ஃபைபர் ரூட்டர் எழுந்து உட்கார இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ரூட்டரையும் எக்ஸ்டெண்டரையும் இன்வெர்ட்டர் லைன் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள். ரூட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் வாங்கினால் பாதிப் பிரச்சினை அப்படியே இருக்கும். சுவரில் நேராகச் செருகும் எக்ஸ்டெண்டர் அதில் ஓடாது. வாங்குவதென்றால் ரூட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள்: 12 வோல்ட் 1.5 ஆம்பியர் கேட்கிற ரூட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் யுபிஎஸ் பொருந்தும், 9 வோல்ட் பொருந்தாது.

வீட்டுக் கரண்ட் வயரிலேயே நெட் போகும் அடாப்டர் வாங்கலாமா?
– ஒரு வாசகர், பழங்காநத்தம்

வாங்கலாம், இரண்டு பிளக்கும் ஒரே பேஸில் இருந்தால். த்ரீ பேஸ் வீட்டில் முன் அறை ஒரு பேஸ், மாடி இன்னொரு பேஸ் என்று பிரித்திருந்தால் நொண்டும், அல்லது ஓடவே ஓடாது. ஸ்பைக் பஸ்டர் பலகையில் செருகக் கூடாது, நேராகச் சுவரில்தான். ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தாலும் அதே கதை. திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

கேபிளை நாமே வெட்டி முனையில் ஆர்ஜே45 பிளக் போட நிறங்களை எந்த வரிசையில் வைக்க வேண்டும்? போட்ட கேபிளில் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை.
– ஒரு மாணவர், உசிலம்பட்டி

பிளக்கின் கொக்கியைக் கீழ்ப்பக்கம் வைத்து, தங்க நிறப் பற்கள் மேலே தெரிய, கேபிள் நுழையும் துளை நம் பக்கம் இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. பச்சை வெள்ளைக்கு அடுத்துப் பச்சையை வைக்கத்தான் கை போகும். அங்கே நீல ஜோடி குறுக்கே வருகிறது, நிதானம்.

உறையை இரண்டரை சென்டிமீட்டர் உரித்து, முறுக்கைப் பிரித்து, எட்டையும் விரலால் நீவித் தட்டையாக்கி, நுனியை ஒரே நேர்க்கோட்டில் வெட்டி உள்ளே தள்ளுங்கள். பிளக்கின் முன்கண்ணாடியில் எட்டுச் செம்புப் புள்ளியும் பளிச்சென்று தெரிய வேண்டும். வெளி உறையும் பிளக்குக்குள் கொஞ்சம் நுழைந்திருக்க வேண்டும். அப்புறம்தான் கிரிம்ப்பிங் டூலை அழுத்துவது.

வேகம் 100-இல் நிற்பதற்குக் காரணம் அநேகமாக நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பி போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். பல டிவிகளின் லேன் போர்ட்டே 100-க்குத்தான் கட்டியது, அதில் சோதித்துவிட்டுக் கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். கம்பியையும் ஒருமுறை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளி மாதிரி தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சரக்கு. வளைத்தால் ஒடியும், நீளம் கூடினால் தடுமாறும். ‘முழுச் செம்பு, கேட் 6’ என்று கேட்டு வாங்கி, பிளக் போட்டதும் டெஸ்டரில் செருகுங்கள். இரு பக்கமும் 1 முதல் 8 வரை விளக்குகள் அதே வரிசையில் எரிய வேண்டும். ஒன்று எரியாமல் தாண்டினால் அந்தக் கம்பி உள்ளே எட்டவில்லை. வரிசை குலைந்து எரிந்தால் நிறம் மாறிப்போயிருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுவது.